விளக்குத்தூணில் கிடைக்காதது எந்த ஊரில் கிடைக்கும்?

எங்கள் மதினிக்கும் அண்ணனுக்கும் கல்யாணமாகி 25 வருஷம் ஆகிறது. அதைச் சாக்கிட்டு முதல்முறையாக வெளிநாடு கிளம்புகிறார்கள். ஐந்து நாள் பயணம். ஊர்தான் இன்னும் முடிவாகவில்லை. பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு என்று நாலு பெயர் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்கு எந்த ஊரானாலும் சரி, வேளைக்குச் சோறு கிடைத்தால் போதும். மதினியின் கவலை வேறு. "துணிமணி எங்கே சல்லிசு? கையில 25,000 ரூபாய் இருக்கு. 22 பேருக்குக் கொடுக்கணும்" என்று ஒரு தாளை என் தையல் மெஷின்மேல் வைத்தார்.

நான் மதுரை தெற்குவாசல் பக்கம் சின்னதாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். இந்த நாலு ஊருக்கும் வெவ்வேறு சமயத்தில் போய் வந்தவள். சிங்கப்பூரில் தம்பி, கோலாலம்பூரில் அத்தை வீடு, கொழும்புக்கு வீட்டுக்காரருடன், பாங்காக்குக்குத் தெருப் பெண்கள் ஆறு பேராகச் சேர்ந்து. எல்லா ஊரிலும் ஒருமுறையாவது ஏமாந்தும் இருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்களைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம். முதலாவது, கையில் எடுக்கிற எதுவும் நம் மதுரை ஜவுளிக் கடைத்தெருவான விளக்குத்தூண் பக்கம் கிடைக்குமா என்று ஒரு நிமிஷம் யோசிப்பது. முதல் சிங்கப்பூர்ப் பயணத்தில் மகனுக்குச் சிங்கத்தலை மீன் படம் போட்ட டிசர்ட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து துவைக்கும்போதுதான் கழுத்துப்பட்டியைப் பார்த்தேன்: 'மேட் இன் இந்தியா'. திருப்பூரிலிருந்து கப்பலேறிப் போனது என் பெட்டியில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது, நடுவில் நான் ஐந்து மடங்கு விலை கொடுத்திருக்கிறேன். பத்துத்தூண் சந்தில் தொங்குகிற லெக்கின்ஸையும் நைட்டியையும் வெளிநாட்டில் தேடி அலைவதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, எடை. மலிவு டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் கையில் 7 கிலோ மட்டும்தான். பெட்டி போட வேண்டுமானால் முன்கூட்டியே தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் போய் விமான நிலையத்தில் மாட்டினால், துணியில் மிச்சம் பிடித்ததை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வர வேண்டியதுதான். ஒரு ஜீன்ஸ் பேன்ட் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு ரயான் டாப் 200 கிராமைத் தாண்டாது. நாலு பெரிய சாக்லேட் பொட்டலம் எடுத்தால் ஒன்றரைக் கிலோ போயிற்று. ஆகவே விலைச்சீட்டைப் பார்க்கும்போதே கையில் தூக்கியும் பார்த்துவிடுவது நல்லது.

சரி, பாங்காக். துணி விலையை மட்டும் பார்த்தால் இந்த நாலில் முதலிடம் இதற்குத்தான். பிரதூநாம் பகுதியில் பிளாட்டினம் ஃபேஷன் மால் என்று ஒரு கட்டடம், மாடி மாடியாகச் சின்னச் சின்னக் கடைகள், குளிர்சாதன வசதியோடு. அங்கே விலை இரண்டு விதம்: ஒன்று எடுத்தால் ஒரு விலை, ஒரே கடையில் மூன்று எடுத்தால் மொத்த விலை. நாங்கள் ஆறு பேர் போனதால் எப்போதும் மூன்றாகச் சேர்த்தே எடுத்தோம். நான் போனபோது 200 பாத் சொன்ன டாப், மூன்றாக எடுத்தபோது 150-க்கு வந்தது. பாத்தை இரண்டரை, மூன்று ரூபாய்க்குள் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் ஒரு டாப் 400 ரூபாய்ச் சொச்சம்.

விலை சரிதான், ஆனால் அளவு? அங்கே பெரும்பாலான கடைகளில் போட்டுப் பார்க்க இடம் கிடையாது, 'ஃப்ரீ சைஸ்' என்று ஒரே அளவு. அந்த ஊர்ப் பெண்களின் உடம்புவாகுக்குத் தைத்தது அது. நம் ஊரில் எல் சைஸ் போடுகிறவருக்குத் தோளில் பிடிக்கும், மார்பில் இழுக்கும். கொஞ்சம் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் உள்ளே துணியே விட்டிருக்க மாட்டார்கள், ஓவர்லாக் அடித்த விளிம்போடு சரி. என் கடைக்கே பாங்காக் டாப்பைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். பக்கவாட்டில் வேறு துணி ஒட்டுப்போட்டுக் கொடுப்பதைத் தவிர நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

யானை படம் போட்ட தொளதொள பேன்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாங்காக் பேச்சு முழுமையாகாது. இடுப்பில் எலாஸ்டிக்கோ நாடாவோ இருப்பதால் அளவுப் பிரச்சினை இல்லை, எடையும் குறைவு, வெயிலுக்கு இதம். நூறு, நூற்றைம்பது பாத்துக்குள் பேசி வாங்கலாம். ஒரே குறை, தொடைச் சந்தில் ஒற்றைத் தையல்தான் ஓடியிருக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கிழியும். வாங்கி வந்ததும் போடுவதற்கு முன்பே அந்த இடத்தில் இன்னொரு தையல் ஓட்டிவிட்டால் இரண்டு வருஷம் உழைக்கும். முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். நான் அதைச் செய்யாமல், வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டு, அந்த வேட்டி இன்றைக்கும் இளநீலத்தில்தான் இருக்கிறது.

சத்துசக் சந்தை முழு அளவில் நடப்பது சனி, ஞாயிறு மட்டும். 15,000 கடைகளுக்கு மேல், 27 பிரிவுகள் என்று சொல்வார்கள். தமுக்கம் பொருட்காட்சியை ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போனால் எப்படி இருக்கும், அப்படி. மோ சிட் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. பிடித்த பொருளைப் பார்த்ததும் வாங்கிவிட வேண்டும். சுற்றிவிட்டு வந்து வாங்கலாம் என்று நினைத்தால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பயணத்தில் வார இறுதி இல்லையென்றால் பாங்காக்கின் மதிப்பில் கால்வாசியை என் கணக்கில் குறைத்துவிடுவேன்.

22 பேர் பட்டியலுக்கு அங்கே இன்னொரு நல்ல இடம் சீனர் பகுதியில் இருக்கிற சாம்பெங் சந்து. நம் ஜடாமுனி கோவில் தெரு மாதிரி ஒடுக்கமான சந்து, நடுவில் தள்ளுவண்டி வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சாவிக்கொத்து, காந்தப் பொம்மை, சின்னப் பை எல்லாம் டஜன் கணக்கு. மூக்கில் வைத்து உறிஞ்சுகிற 'யாடோம்' என்ற மூலிகைக் குச்சியையும் டஜனாக வாங்கலாம். பேருந்தில் வாந்தி வருகிற அத்தை, சித்தி எல்லோருக்கும் அதைக் கொடுத்தேன். நான் கொடுத்த பரிசுகளில் இன்றுவரை திரும்பக் கேட்கப்படுவது அது ஒன்றுதான்.

தாய்லாந்துப் பட்டு என்று சந்தையில் விற்பதை நம்பாதீர்கள். நான் வாங்கிய ஒரு 'பட்டு' சால்வையின் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி, வீட்டில் கொளுத்திப் பார்த்தேன். உண்மைப் பட்டு என்றால் தலைமுடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி மணி மாதிரி உருண்டது. பாலியஸ்டர். நல்ல பட்டு வேண்டுமென்றால் ஜிம் தாம்ப்சன் போன்ற கடைக்குப் போக வேண்டும், ஆனால் அது 25,000 பட்ஜெட்டுக்குள் அடங்காது. அந்தத் தாம்ப்சன் ஓர் அமெரிக்கர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர். 1967-இல் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போன இடத்தில் நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

பாங்காக் போகிறவர்கள் புத்தர் சிலையை ஆசையாக எடுத்துவிட வேண்டாம். புத்தர் உருவங்களை அந்த நாட்டிலிருந்து வெளியே எடுத்துப்போக அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். அலங்காரப் பொருளாக அவரை வைப்பதே அங்குள்ளவர்களுக்கு மனவருத்தம்.

கோலாலம்பூருக்கு வருகிறேன். இங்கே தைத்த துணி பாங்காக் அளவுக்கு மலிவில்லை. பெத்தாலிங் தெருவில் பிராண்ட் பெயர் போட்ட பை, சட்டை, கடிகாரம் எல்லாம் குவிந்து கிடக்கும். அத்தனையும் போலி, வாங்கவே வேண்டாம். பாதி விலைக்குப் பேசி வாங்கிவிட்டதாகப் பெருமைப்படுவோம், உண்மை விலை அதிலும் பாதியாக இருக்கும். நான் இந்த ஊரை ஒரு படி மேலே வைப்பது பாத்திக் துணிக்காக.

நம் சுங்குடிக்கும் பாத்திக்குக்கும் அடிப்படை ஒன்றுதான்: சாயம் ஏறக்கூடாத இடத்தை மறைத்துவிட்டுச் சாயத்தில் முக்குவது. சுங்குடியில் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு மறைப்பார்கள். பாத்திக்கில் உருக்கிய மெழுகால் மறைப்பார்கள். சுங்குடியிலேயே இப்போது பாதிக்கு மேல் முடிச்சுக்குப் பதிலாக மெழுகு அச்சும் திரை அச்சும்தானே வருகிறது. அதனால் மதுரைக்காரிக்குப் பாத்திக்கைப் பார்த்தால் ஒன்றுவிட்ட தங்கையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பாத்திக்கில் மூன்று தரம் உண்டு. சின்ன மூக்குள்ள கருவியில் மெழுகை ஊற்றிக் கையால் வரைவது ஒன்று, விலை அதிகம். உலோக அச்சை மெழுகில் தொட்டு ஒற்றுவது இரண்டாவது, நமக்கு அதுதான் கட்டுப்படியாகும். மூன்றாவது, மெழுகே படாமல் மெஷினில் அடித்த போலி. துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வேலை என்றால் இரண்டு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருக்கும், பின்பக்கம் வெளுத்திருந்தால் அது வெறும் பிரிண்ட். கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டில் மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருக்கும். 1888-இல் மீன், காய்கறிச் சந்தையாகத் தொடங்கிய இடம் அது, இப்போது கைவினைக் கடைகள். நான் போனபோது அச்சுப் பாத்திக் சாரோங் 50 வெள்ளி வாக்கில் கிடைத்தது. ரிங்கிட்டை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஒரு வெள்ளி 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,000 ரூபாய்.

ஆயிரம் ரூபாயா என்று மதினி புருவத்தை உயர்த்தினார். சாரோங் என்பது தைக்காத துணி, ஏறக்குறைய 2 மீட்டர். கை கொஞ்சம் குட்டையாக வைத்தால் அதில் ஒரு குர்த்தி தாராளமாக வரும். யாருக்குக் கொடுத்தாலும் அவரவர் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம், தைக்க மனமில்லாதவர்கள் மேசைமேல் விரிக்கலாம். பரிசுக்குத் துணி எடுக்கிறோம் என்றால் அளவே இல்லாத துணியாக எடுக்க வேண்டும், என் அனுபவத்தில் கண்டது இது. சம்பந்தியம்மாவின் இடுப்பளவை யாரும் போனில் கேட்க முடியாது. "தையல் கூலி உனக்கு வருமே, அதான் இந்த உபதேசம்" என்று அண்ணன் கேலி செய்தான். அதுவும் உண்மைதான்.

மஸ்ஜித் இந்தியா பகுதிக்கும் ஒரு நடை போகலாம். முக்காட்டுத் துணிகள் அங்கே குவியல் குவியலாக இருக்கும். மெல்லிய, ஒரே நிறத்துத் துணியை நம் சுடிதாருக்குத் துப்பட்டாவாகப் போட்டுக்கொள்ளலாம். நான் 15 வெள்ளிக்கு வாங்கினேன். அதைவிட எனக்குப் பிடித்தது 'கெரோங்சாங்'. மலாய்ப் பெண்கள் சட்டையின் முன்பக்கத்தில் குத்துகிற அலங்கார ஊக்கு, பெரும்பாலும் மூன்று சேர்ந்த செட்டாக வரும். சேலைத் தலைப்புக்குக் குத்தினால் பிரமாதமாக இருக்கிறது. எடை ஒன்றுமே இல்லை, விளக்குத்தூணில் தேடினாலும் கிடைக்காது. அதே தெருவில் 'கைன் பெலிக்கட்' என்று கட்டம் போட்ட கைலி விற்கும். அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பெலிக்கட் என்பது பழவேற்காடு, நம் ஊர்க் கைலி அந்தக் காலத்திலேயே கடல் தாண்டிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

சிங்கப்பூருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர் டாலரையும் நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், அது 60 ரூபாய்க்கு மேல். துணி வாங்குகிற ஊரே அல்ல. செராங்கூன் ரோட்டில் சேலைக் கடைகளைப் பார்த்தால் மதுரையிலிருந்து போன மாதிரியே இருக்கும், விலை மட்டும் வேறு. புகிஸ் தெருவிலும் சீனர் பகுதியிலும் சாவிக்கொத்து, காந்தப் பொம்மை மூன்று சேர்த்துப் பத்து வெள்ளி என்கிற மாதிரிக் கிடைக்கும். ஆனால் பெரியவர்களுக்குக் கொடுக்க இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது: கோடாலித் தைலம், டைகர் பாம். கோடாலித் தைலம் சிங்கப்பூர்ச் சரக்கேதான், 1928-இல் தொடங்கியது. முஸ்தபா என்கிற பெரிய கடையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருப்பார்கள், நள்ளிரவு வரை கூட்டம் குறையாது. ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் 9 சதவீத வரியில் பெரும்பகுதியைச் சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தாய்லாந்திலும் 7 சதவீத வரியைத் திருப்பித் தருவார்கள், ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாத் ஆக வேண்டும். ஆனால் அதற்கான படிவம் பெரிய கடைகளில்தான் கிடைக்கும், சந்தைக் கடைக்காரர் தர மாட்டார். எனவே மதினி மாதிரிப் பேரம் பேசி வாங்குகிறவர்கள் இதைப் பெரிதாகக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

கொழும்பு பலரும் நினைத்துப் பார்க்காத ஊர். மதுரையிலிருந்து நேரடி விமானம், ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் திருச்சியோ சென்னையோ போய் ஏறுகிற செலவையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய மிச்சம். கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் தமிழிலேயே பேரம் பேசலாம். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கிற ஆலைகள் அங்கே நிறைய, அதில் மிஞ்சுகிற சரக்கு ஊர்க் கடைகளுக்கு வரும். தையல் சுத்தம், அளவும் பெரியதாகவே கிடைக்கும். ஆம்பளைச் சட்டைக்கு இந்த நாலில் கொழும்பைத்தான் சொல்வேன். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் காசு மூன்றுக்கு மேல் வரும், எனவே சட்டை விலை 3,000 என்றதும் மிரள வேண்டாம். அரசு நடத்துகிற லக்சல என்ற கடையில் கைவினைப் பொருள்கள் வாங்கலாம். எடைக்கும் விலைக்கும் நல்ல பரிசு தேயிலை, சிங்க முத்திரை இருக்கிற பொட்டலமாகப் பார்த்து எடுத்தால் அங்கேயே பறித்து அங்கேயே பொட்டலம் கட்டியது. ஆனால் மதினி ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்: "25 வருஷம் கழிச்சு ஃபாரின் போறேன், பக்கத்து வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும்."

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். அட்டை தேய்க்கும்போது மெஷின் 'இந்திய ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம். சுங்கத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2026 தொடக்கம் வரை இருந்த 2016 பேக்கேஜ் விதிகளிலேயே தீர்வையில்லா வரம்பு ஆளுக்கு 50,000 ரூபாயாக இருந்தது, நம் மொத்தச் செலவே அதில் பாதி. தங்கம் மட்டும் வேண்டாம். நகைக்கான சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான், ஐந்து நாள் போனவர்களுக்கு இல்லை.

கடைசியில் பாங்காக்கா, கோலாலம்பூரா என்று வந்து நின்றது. கல்லூரிக்குப் போகிற இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, சனி ஞாயிறு சேர்த்துப் போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பாங்காக்கைச் சொல்வேன். அந்த வயசு உடம்புக்கு ஃப்ரீ சைஸ் பொருந்தும், ஒரு பருவம் போட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிற துணிக்கு 400 ரூபாய் போதும். மதினியின் பட்டியல் அப்படியில்லை. சம்பந்தி வீடு, நாத்தனார்கள், பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர்கள், மூன்று பிள்ளைகள். பயணம் செவ்வாயில் கிளம்பிச் சனிக்கிழமை திரும்புவது. அதனால் கோலாலம்பூர்.

தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். பாத்திக் ஐந்து, 250 வெள்ளி. துப்பட்டாவுக்கு எட்டுத் துணி, 120. கெரோங்சாங் ஆறு செட், 12 வெள்ளி வைத்து 72. பிள்ளைகள் மூன்று பேருக்கு டிசர்ட், 60. ஆக 22 பேருக்கும் 502 வெள்ளி, 10,000 ரூபாய்ச் சொச்சம், எடை மூன்று கிலோவுக்குள். மீதி 15,000 அவருக்கும் அண்ணனுக்கும். இதே பட்டியலைச் சாம்பெங்கில் இன்னும் மூவாயிரம் குறைத்து முடித்திருக்கலாம். அது தெரிந்துதான் சொன்னேன்.

நேற்றுக் காலையில் மதினி ஆறு சுங்குடிச் சேலையோடு கடைக்கு வந்தார். கோலாலம்பூரில் அத்தை வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கவாம். "போற பெட்டி காலியாத்தானே போகும்" என்றார். ஆறுக்கும் ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்து, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம். கூலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.